ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்: டவுன்லோடு இலவசம்... ஆனா வீட்டுக்குச் செலவு வைக்குமா? பசங்களும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியவை

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பென்னாகரம், பாலக்கோடு, அரூர்னு தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர் தெருவுல நடந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திண்ணையில நாலு பசங்க வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. போனைக் குறுக்கே பிடிச்சிருப்பாங்க. "டேய், ரைட்ல ஒருத்தன் வர்றான்", "க்ளூ வால் போடுடா", "என்னை ரிவைவ் பண்ணு" என்று சத்தம் கேட்கும். நாலு பேரும் ஒரே டீம். ஆடுறது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்.

ப்ளே ஸ்டோரில் இந்த கேமின் விலை பூஜ்யம். ஆனால் பல வீடுகளில் பசங்க கையில இருப்பது அவங்க சொந்த போன் இல்லை. அம்மாவோட போன், அல்லது அப்பா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுட்டுப் போன போன். அதே போன்லதான் வங்கிக் கணக்கும், யுபிஐ ஆப்பும் இருக்கு. அதனால்தான் 'இந்த கேம் நல்லதா, கெட்டதா' என்ற கேள்வியோடு 'யார் போன், யார் பின் நம்பர்' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கு.

கேம் எப்படி இருக்கு, எந்த போனில் ஓடும், காசு எங்கே கேட்கும், சட்டம் என்ன சொல்லுது, போனைக் கொடுக்கும் முன் என்ன செய்யணும்? ஒவ்வொன்றா பார்க்கலாம் வாங்க.

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்றால் என்ன?

சிங்கப்பூரைச் சேர்ந்த சீ லிமிடெட் குழுமத்தின் கேம் பிரிவு கரேனா. இந்த நிறுவனம் 2017ல் ஃப்ரீ ஃபயர் கேமை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இந்தியாவில் மொபைல் டேட்டா விலை மளமளவென இறங்கியிருந்தது. குறைந்த விலை போன், மலிவான டேட்டா, சின்ன கேம். மூன்றும் ஒன்று சேர்ந்ததும் ஃப்ரீ ஃபயர் கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே கேமின் கிராஃபிக்ஸை மேம்படுத்தி 2021 செப்டம்பரில் வந்ததுதான் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். விதிமுறை, துப்பாக்கிகள், கேரக்டர்கள் எல்லாம் ஒன்றுதான். படம் மட்டும் இன்னும் தெளிவா இருக்கும்.

எப்படி ஆடுறாங்க?

முக்கியமா இரண்டு வகை ஆட்டம் இருக்கு.

முதலாவது பேட்டில் ராயல். ஒரு தீவுக்கு மேலே விமானம் பறக்கும். 50 பேர் பாராசூட்டில் குதிப்பாங்க. கீழே இறங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. வீடு வீடாப் புகுந்து துப்பாக்கி, மருந்து, கவசம் தேடி எடுக்கணும். நேரம் போகப் போக பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கிட்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். கடைசி வரை நிற்கும் டீமுக்கு 'பூயா'. தனியாவும் ஆடலாம், இரண்டு பேராவும் ஆடலாம், நாலு பேர் ஸ்குவாடாவும் ஆடலாம்.

இரண்டாவது க்ளாஷ் ஸ்குவாட். நாலு பேருக்கு எதிரா நாலு பேர். ஒவ்வொரு ரவுண்டு தொடக்கத்திலும் கேம் கொடுக்கிற பொய்க்காசில் ஆயுதம் வாங்கிக்கலாம். முதலில் நாலு ரவுண்டு ஜெயிக்கிற டீம் மேட்ச்சை ஜெயிக்கும். கபடி மாதிரி நேருக்கு நேர் மோதல். தேடி அலைய வேண்டிய வேலை கிடையாது.

ஒரு மேட்ச் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடத்துக்குள் முடிஞ்சிடும். இந்த கேமின் பெரிய பலம் இதுதான். பெரிய ஆபத்தும் இதுதான். அதை அப்புறம் பார்ப்போம்.

டீமா ஆடுறதுல அப்படி என்ன ருசி?

நியாயமா சொல்லணும்னா, கேம் நல்லாவே இருக்கு.

நல்லா சுடத் தெரிந்த ஒருத்தன் மட்டும் இருந்தா போதாது. அடிபட்டு விழுந்தவனைத் தூக்கிவிட இன்னொருத்தன் ஓடி வரணும். எதிரி எந்தப் பக்கம்னு சொல்ல ஒருத்தன் வேணும். கையில இருக்கிற குண்டையும் மருந்தையும் பங்கு போட்டுக்கணும். பேசாத டீம் தோற்கும். பேசிப் பேசி ஆடுற டீம், ஆயுதம் சுமாரா இருந்தாலும் தாக்குப் பிடிக்கும்.

இந்த கேமுக்கே உரிய சமாச்சாரம் 'க்ளூ வால்'. கையெறி குண்டு மாதிரி வீசினா, அந்த இடத்திலேயே பனிக்கட்டி மாதிரி ஒரு சுவர் எழும்பும். வெட்டவெளியில் மாட்டிக்கிட்டாலும் ஒரு நொடியில் மறைவு கிடைக்கும். அதை எப்போ வீசணும், யாருக்காக வீசணும் என்பதில்தான் அனுபவசாலியும் புதுசா வந்தவனும் வேறுபடுறாங்க. விழுந்து கிடக்கும் கூட்டாளிக்கு முன்னாடி சுவரைப் போட்டு அவனை எழுப்புற அந்த சில விநாடி இருக்கே... பசங்க இந்த கேமை விடாம ஆடுறதுக்குக் காரணம் அதுதான்.

கேரக்டர்களுக்குத் தனித்தனி சக்தி உண்டு. பிரேசில் டி.ஜே. அலோக் பெயரிலேயே ஒரு கேரக்டர் இருக்கு. பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகளுக்கும் சேர்த்து உயிர் ஏற்றுவது அவருடைய சக்தி. இந்தி நடிகர் ஹிரித்திக் ரோஷனை வைத்து 'ஜெய்' என்ற கேரக்டரும் வந்தது. நாலு பேரும் ஒரே மாதிரி கேரக்டர் எடுக்காம, ஒருத்தர் சக்தி இன்னொருத்தருக்கு உதவுற மாதிரி எடுக்கிறதே ஒரு வியூகம்.

குறையும் இருக்கு. திரை முழுக்க விளம்பர பேனர், நிகழ்ச்சி அறிவிப்பு, 'இன்றே கடைசி' என்ற அவசரம். கேமைத் திறந்து ஆட ஆரம்பிக்கும் முன் நாலைந்து பெட்டியை மூட வேண்டியிருக்கும். சந்தைக்குள்ள புகுந்து பஸ் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

எந்த போனில் ஓடும்? நெட் எவ்வளவு போகும்?

2 ஜிபி ராம் உள்ள போனிலும் ஓடும். ஆனா சண்டை உச்சத்தில் இருக்கும்போது திரை திக்கித் திணறும். 4 ஜிபி ராம் இருந்தா நிம்மதி. பழைய போனா இருந்தா கிராஃபிக்ஸை 'ஸ்மூத்' அளவில் வைத்து ஆடுங்க. சூடும் குறையும், சார்ஜும் நிற்கும்.

ப்ளே ஸ்டோரில் காட்டுற சைஸோடு கணக்கு முடிஞ்சிடாது. கேமைத் திறந்ததும் மேப், உடை, குரல் என்று கூடுதல் ஃபைல்களை இறக்கும். மொத்தம் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். தினசரி டேட்டா பேக்கில் இருப்பவங்க முதல் டவுன்லோடை வைஃபையில் செய்வது நல்லது.

ஆடும்போது டேட்டா செலவு குறைவுதான். வீடியோ பார்ப்பதை விடக் கம்மி. இங்கே வேகத்தை விட 'பிங்' முக்கியம். நீங்க பட்டனைத் தொட்டது சர்வருக்குப் போய் பதில் திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். அது மில்லி விநாடியில் திரை ஓரத்தில் தெரியும். 100க்குள் இருந்தா ஆடலாம். அதுக்கு மேலே போனா, தொப்பூர் கணவாயில் ஏறுற லாரி மாதிரிதான். நீங்க சுட்டதா நினைக்கும்போது எதிரி உங்களைச் சுட்டு முடிச்சிருப்பான். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை ஊர்களில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் ரேங்க் மேட்ச் ஆடாதீங்க. பாதியில் கனெக்‌ஷன் போனா கஷ்டம் மற்ற மூணு பேருக்கும்தான்.

இலவசம்னா கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருது?

இதுதான் முக்கியமான பகுதி.

கேமுக்குள்ள 'டைமண்ட்' என்ற நாணயம் இருக்கு. அதை உண்மையான பணம் கொடுத்து வாங்கணும். பல ஆண்டுகளா இந்தியாவில் 100 டைமண்ட் சுமார் 80 ரூபாய் என்ற கணக்கில் விற்கப்பட்டது. அதிகமா வாங்கினா கொஞ்சம் தள்ளுபடி. உடை, துப்பாக்கி ஸ்கின், கேரக்டர், நடனம், மாதா மாதம் வரும் 'பூயா பாஸ்' எல்லாத்துக்கும் இந்த டைமண்டுதான்.

80 ரூபாய் என்பது சின்னத் தொகை மாதிரி தெரியும். வாரம் ஒரு முறை போட்டா வருஷத்துக்கு 4,160 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதாவது பன்னிரண்டு நாள் கூலிக்கும் மேல.

பணத்தை நேரடியாக் காட்டாம டைமண்டாக் காட்டுவதே ஒரு உத்தி. 399 டைமண்டுன்னா எவ்வளவு ரூபாய் என்று பையன் மனசுக்குள்ள கணக்குப் போட மாட்டான். விலையும் நீங்க வாங்கின பொட்டலத்துக்குச் சரியா பொருந்தாது. கொஞ்சம் குறையும், அல்லது கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் அடுத்த முறை வாங்க வைக்கும்.

இதைவிட கவனிக்க வேண்டியது 'லக் ராயல்' மாதிரி சுழற்சி. டைமண்ட் போட்டுச் சுழற்றணும். நீங்க கேட்ட பொருளே வரும்னு உத்தரவாதம் இல்லை. பத்து முறை சுழற்றியும் வராம, பதினோராவது முறை வரலாம்னு தோணும். கேம் உலகில் இதை 'லூட் பாக்ஸ்' என்பாங்க. காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்று பெல்ஜியம் 2018லேயே அறிவித்துவிட்டது.

காசு போட்டாதான் ஜெயிக்க முடியுமா?

இல்லை. உடையும் நடனமும் அலங்காரம் மட்டும்தான். பல கேரக்டர்களை ஆடி ஆடியே, காசில்லாமலே பெறலாம்.

ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சில துப்பாக்கி ஸ்கின்களுக்கு 'சேதம் கூடுதல், ரீலோட் மெதுவு' என்கிற மாதிரி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு. சமமான இரண்டு பேர் மோதும்போது அது கொஞ்சம் கை கொடுக்கும். இதே வகையில் போட்டியாக இருக்கும் பிஜிஎம்ஐயில் ஸ்கின் என்பது வெறும் தோற்றம்தான்.

அதுக்காக காசு போடணுமா? வேண்டாம். குறி, ஒளியும் இடம், டீம் பேச்சு இந்த மூணும் கொடுக்கும் பலனில் ஸ்கின் கொடுப்பது ஒரு துளிகூட இல்லை. புதுசா ஆடுறவன் தோற்பது ஸ்கின் இல்லாததால் இல்லை, க்ளூ வால் போட மறந்ததால்தான்.

தடை பண்ணின கேம்தானே இது?

இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம். பழைய கதையைச் சுருக்கமா பார்த்துடலாம்.

2020 செப்டம்பர் 2: பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது.

2021 ஜூலை 2: தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐயை ஆண்ட்ராய்டில் வெளியிட்டது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது.

2022 பிப்ரவரி 14: 54 ஆப்கள் தடை செய்யப்பட்டன. அந்தப் பட்டியலில் ஃப்ரீ ஃபயர் இருந்தது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இல்லை. அதனால்தான் மேக்ஸ் தொடர்ந்து ப்ளே ஸ்டோரில் கிடைத்தது.

2023 ஆகஸ்ட் கடைசியில் 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' என்ற பெயரில் கேம் திரும்ப வருகிறது என்று கரேனா அறிவித்தது. விளம்பரத் தூதர் நம்ம தோனி. 'தல' என்ற பெயரிலேயே கேரக்டர். செப்டம்பர் 5 வெளியீடு என்றார்கள். பெற்றோர் சரிபார்ப்பு, ஆடும் நேரக் கட்டுப்பாடு, இடைவேளை நினைவூட்டல் எல்லாம் இருக்கும் என்றும் சொன்னார்கள். கடைசி நேரத்தில் வெளியீடு தள்ளிப்போனது.

சரி, இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கணும்? 'ஒரிஜினல் ஃப்ரீ ஃபயர் ஏபிகே', 'தல வெர்ஷன் லீக்' என்று டெலிகிராமிலோ யூடியூப் லிங்கிலோ வந்தா தொடாதீங்க. ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் தவிர வேறு இடத்திலிருந்து இறக்கும் ஃபைலில் என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. உங்க எஸ்எம்எஸ்சைப் படிக்க அனுமதி கேட்டு, ஓடிபியைத் திருடும் ஆப்கள் இப்படித்தான் உள்ளே வருது.

ஆன்லைன் ரம்மி சட்டம் இதுக்கும் பொருந்துமா?

தமிழ்நாடு அரசு 2022ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள்தான் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு எல்லாம். அவை பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கானவை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் இரவு 12 மணிக்குத் தானாகப் பூட்டு விழும்னு நினைச்சு பெற்றோர் நிம்மதியாத் தூங்க முடியாது.

மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களை இந்தச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப்பட்ட கேமை நடத்துறவங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தா 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. ஆடுறவங்களுக்குத் தண்டனை இல்லை.

இதில் நம்ம ஊர்ப் பசங்க கவனிக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. வாட்ஸ்அப் குரூப்பில் 'கஸ்டம் ரூம், என்ட்ரி 30 ரூபாய், ஜெயிச்சா 500' என்று நடத்துறாங்களே... அது. பதிவு செய்த, முறைப்படி அங்கீகாரம் பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் போட்டி வேறு. யாரோ ஒருத்தர் யுபிஐ நம்பருக்குப் பணம் போட்டு ஆடுற ரூம் வேறு. நடத்துறவருக்குச் சட்டச் சிக்கல் வரலாம். கட்டினவருக்குப் பணம் திரும்ப வரும்னு உத்தரவாதமும் இல்லை. ஜெயிச்ச பிறகு குரூப்பிலிருந்து தூக்கிட்டா, யாரிடம் போய்க் கேட்பீங்க?

எப்படியெல்லாம் ஏமாத்துறாங்க?

'இலவச டைமண்ட்': ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தா டைமண்ட் ஏறும் என்பாங்க. ஏறாது. கணக்குதான் போகும். ரிடீம் கோடுக்கு கரேனாவின் அதிகாரப்பூர்வ தளம் இருக்கு. அங்கே ஓடிபியோ யுபிஐ பின்னோ கேட்க மாட்டாங்க.

'பாதி விலை டாப்-அப்': அறிமுகம் இல்லாதவர் மூலம் வாங்கினா, பணம் போன பிறகு பதில் வராது. அல்லது திருட்டு கார்டில் வாங்கின டைமண்டாக இருந்து, உங்க ஐடி தடையாகும்.

'ஐடி விற்பனை': ஸ்கின் நிறைய உள்ள கணக்கை ஆயிரக்கணக்கில் விலை பேசுவாங்க. கேம் விதியே இதை அனுமதிக்காது. விற்றவர் பழைய ஜிமெயில் அல்லது ஃபேஸ்புக் வழியா கணக்கைத் திரும்ப எடுத்துக்கலாம்.

'அறிமுகமில்லாத நண்பர்': டீமில் சேர்ந்து நல்லாப் பேசி, அப்புறம் நம்பர், போட்டோ கேட்பாங்க. மைக் சேனலை நண்பர்கள் டீமுக்கு மட்டும் திறந்து வைக்கணும். பெண் பிள்ளைகள் ஆடும் வீடுகளில் இதைப் பயமுறுத்தாம, முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. ஏதாவது நடந்தா வந்து சொல்ற தைரியம் அப்போதான் வரும்.

போனைக் கையில் கொடுக்கும் முன் 5 வேலை

ஐந்து நிமிஷ வேலைதான். ஒரு தடவை செய்தா போதும்.

1. ப்ளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள உங்க படத்தைத் தொடுங்க. செட்டிங்ஸ் போய், வாங்கும்போது ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு கேட்கும்படி மாத்துங்க. கைரேகையில் பிள்ளையின் விரல் பதிவாகி இருந்தா அதை நீக்கிடுங்க.

2. அதே இடத்தில் 'பேமென்ட்ஸ்' பகுதியில் கார்டு, யுபிஐ ஏதாவது சேர்ந்திருந்தா எடுத்துடுங்க. மாத சந்தா ஓடுதான்னும் பாருங்க. கேமை அன்-இன்ஸ்டால் செய்தா சந்தா தானா நிற்காது.

3. யுபிஐ ஆப்புக்குத் தனிப் பூட்டு போடுங்க. பின் நம்பர் பிறந்த வருஷமா, வண்டி நம்பரா இருந்தா இன்னைக்கே மாத்துங்க. 'ரீசார்ஜ் பண்ணிக் கொடு' என்று பிள்ளையிடமே பின்னைச் சொல்லும் பழக்கம்தான் முதல் ஓட்டை. பாட்டி, தாத்தாவிடம் போன் இருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

4. டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் கேமுக்கு மட்டும் தினசரி நேரம் வைக்கலாம். பிள்ளைக்குத் தனி போன் இருந்தா, கூகுள் ஃபேமிலி லிங்க் மூலம் உங்க போனிலிருந்தே கட்டுப்படுத்தலாம். வெளியூரில் வேலை செய்யும் அப்பாவும் அங்கிருந்தே பார்க்கலாம்.

5. ப்ளே ஸ்டோரில் கேம் பக்கத்தில் வயது வரம்பும், 'இன்-ஆப் பர்ச்சேஸ்' விலை வரம்பும் போட்டிருக்கும். ஒரு தடவை பிள்ளையோடு சேர்ந்து படிங்க. இது துப்பாக்கிச் சண்டை கேம். சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

பாதியில் போனைப் பிடுங்கலாமா?

பெரும்பாலான வீட்டுச் சண்டை இங்கேதான் தொடங்குது.

பெற்றோர் பக்கம் இருந்து பார்த்தா, கூப்பிட்டா வர மாட்டேங்குறான். பையன் பக்கம் இருந்து பார்த்தா, மூணு பேர் அவனை நம்பி ஆடிக்கிட்டிருக்காங்க. நடுவில் விட்டா டீம் தோற்கும். அவனுக்கு 'ஹானர் ஸ்கோர்' குறையும். நாளைக்குத் திண்ணையில திட்டு விழும். கோயில் திருவிழா கபடியில் பாதி ஆட்டத்தில் ஒருத்தனை இழுத்துக்கிட்டு வந்தா எப்படி இருக்குமோ, அப்படி.

அதனால நிமிஷக் கணக்கை விட மேட்ச் கணக்கு நல்லா வேலை செய்யும். "மூணு மேட்ச், அதோட சரி" என்று ஆரம்பிக்கும் முன்னாடியே பேசி வைங்க. மேட்ச் குட்டியா இருப்பதால்தான் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று இழுக்கும். நாலு மேட்ச்னா ஒரு மணி நேரம். எட்டு மேட்ச்னா ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு.

சீனா 2021ல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான் ஆன்லைன் கேம் ஆடலாம் என்று விதி போட்டது. பிஜிஎம்ஐ இந்தியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பள்ளி நாளில் 3 மணி நேரமே அதிகம். வீட்டு வரம்பை வீடுதான் போடணும்.

எப்போ கவலைப்படணும்? உலக சுகாதார நிறுவனம் கேமிங் பழக்கக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கு. மூணு அறிகுறி சொல்றாங்க. ஆடுறதைக் கட்டுப்படுத்த முடியாம போறது, மற்ற எல்லாத்தையும் விட கேம் முக்கியமா மாறுறது, பாதிப்பு தெரிஞ்சும் தொடர்றது. படிப்பு, குடும்பம், தூக்கம் பாதிக்கப்பட்டு, இது சுமார் ஒரு வருஷம் நீடிச்சாதான் பொதுவா கோளாறு என்பாங்க. விடுமுறையில் ஒரு வாரம் அதிகமா ஆடினதை நோய்னு சொல்லிடக் கூடாது.

உதவி தேவைப்பட்டா, டெலி மனாஸ் எண் 14416. நாள் முழுக்க, இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 'ஷட்' என்ற பெயரில் இதுக்கென்றே தனி கிளினிக் 2014 முதல் இருக்கு.

பணம் போயிடுச்சுன்னா என்ன செய்றது?

பிள்ளை தெரியாம ப்ளே ஸ்டோர் வழியா வாங்கிட்டா, 48 மணி நேரத்துக்குள் கூகுள் ப்ளே தளத்தில் ரீஃபண்ட் கேளுங்க. குடும்பத்தில் ஒருத்தர் தவறுதலா வாங்கினதா காரணத்தில் சொல்லலாம். டைமண்டைச் செலவழிச்சிட்டா திரும்பக் கிடைப்பது கஷ்டம். அதனால முதல்ல கேமைத் தொடாதீங்க.

மோசடியில் போயிருந்தா உடனே 1930க்குக் கூப்பிடுங்க, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்க. சீக்கிரம் சொன்னாதான் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க முடியும். பிள்ளையை அடிச்சு, மிரட்டி, அதில் ஒரு மணி நேரம் போனா, அந்த ஒரு மணி நேரம் ஏமாத்தினவனுக்குத்தான் லாபம்.

வேற கேம் ஏதும் இருக்கா?

பிஜிஎம்ஐ: 100 பேர், பெரிய மேப், மேட்ச் அரை மணி நேரம் வரை போகும். நல்ல போன் வேணும். 

இண்டஸ்: புனே சூப்பர் கேமிங் நிறுவனத்தின் தயாரிப்பு. 2024 அக்டோபரில் வந்தது. இந்தியச் சாயல் உள்ள கற்பனைக் கிரகத்தில் ஆட்டம். 'காஸ்மியம்' என்ற பொருளைக் கைப்பற்றியும் ஜெயிக்கலாம்.

இரண்டுமே இலவச டவுன்லோடுதான். இரண்டிலும் உள்ளே கடை இருக்கு. அதனால மேலே சொன்ன 5 வேலை எல்லாத்துக்கும் பொருந்தும்.

இதில் எதிர்காலம் இருக்கா? 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியா அங்கீகரித்தது. 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதுக்குப் பதக்கமும் இருந்தது. வாய்ப்பு உண்மைதான். ஆனா அந்த இடத்துக்குப் போறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையை விட்டுட்டுப் போற பாதை இல்லை.

கடைசியா... ஆடலாமா, வேண்டாமா?

ஆட்டம்: விறுவிறுப்பு. நாலு நண்பர்கள் சேர்ந்தா இன்னும் நல்லா இருக்கும்.
போன்: சாதாரண போனிலும் ஓடும். சிக்னல் நிலையா இருக்கணும்.
செலவு: பூஜ்யத்திலேயே முழுசா ஆடலாம். சுழற்சிப் பக்கம் போகாத வரைக்கும்.
கவனம்: துப்பாக்கிச் சண்டை, அறிமுகமில்லாத குரல்கள், 'இன்னும் ஒரு மேட்ச்'.

வளர்ந்த பிள்ளைகள், மேட்ச் கணக்கு பேசி, பணம் பூட்டின போனில் ஆடினா, இது ஒரு நல்ல டீம் கேம். பின் நம்பர் தெரிஞ்ச பிள்ளை கையில், பூட்டில்லாத போனில் கொடுத்தா, இதை விடச் செலவு வைக்கும் இலவசம் வேறு இல்லை.

இன்னைக்கு ராத்திரி போனை சார்ஜில் போடும் முன், அந்த 5 வேலையில் முதல் மூணையாவது முடிச்சிடுங்க. முடிஞ்சா பையனைப் பக்கத்தில் உட்கார வச்சு, "க்ளூ வால்னா என்னடா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவனே ஆசையா சொல்லிக் கொடுப்பான். அப்போ செலவைப் பற்றியும் நீங்க பேச ஆரம்பிக்கலாம்.